தோற்றவர் தெருவில் வெடி போடாதவர்

அன்று காலை மல்லிகை வரத்து அதிகம். சங்கரன்கோவில் பூச்சந்தையில் என் கமிஷன் கடை வாசலில் மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஏலத்துக்கு நடுவே கைப்பேசி அடித்தது. தேவசகாயம் என்று பெயர் தெரிந்தது. எடுத்தவுடன் வழக்கம்போல, "என்ன வே, இன்னும் உயிரோடதான் இருக்கீரா?" என்று கேட்டேன். எங்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்வது அப்படித்தான். பதிலுக்கு அவர் மகன் சாமுவேலின் குரல் வந்தது. "மாமா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாவ" என்றான். அவன்தான் என்னைத் தேற்றினான். அப்பாவும் உங்களை அப்படித்தானே கேட்பார்கள், அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம் என்றான். அன்றைய ஏலத்தைப் பக்கத்துக் கடைக்காரர் முடித்துக் கொடுத்தார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருந்த தேவசகாயம் அண்ணாச்சி, ஒரு கட்சிக்கு நெடுங்காலம் நகரச் செயலாளர். நான் அதற்கு நேர் எதிர்க்கட்சி. கட்சிகளின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் பாதியில் விட்டுவிட்டு யார் யோக்கியம் என்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அவர் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாதவர். ஆனாலும் எங்கள் கோவிலில் சிவனும் பெருமாளும் ஒரே உருவில் காட்சி தரும் ஆடித்தபசு வந்துவிட்டால் எங்களைவிட அதிகமாகப் பேசுவார். "பெரியவர் யாருன்னு வந்த சண்டைய, உங்க ஊர்ல சாமியே பாதிபாதியா நின்னு முடிச்சு வச்சிருக்கு. நமக்கு என்ன வே கேடு?" என்பார். உங்க ஊர் என்பார், பிறந்து வளர்ந்தது இதே ஊராக இருந்தும். சண்டை என்றால் மட்டும் அது என் ஊர்.

நாங்கள் முதன்முதலில் மனம்விட்டுப் பேசியது சிறையில். எங்கள் இருவருக்கும் இளவட்ட வயது. பேருந்து நிலையத்தில் கொடிக்கம்பம் நடுவதில் தகராறாகி, மண்டைகள் உடைந்து, இரு தரப்பையும் ஒரே வண்டியில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். இடமில்லாததால் எங்களை ஒன்றாகவே அடைத்தார்கள். யார் முதலில் கையை ஓங்கினார் என்பதில் கடைசிவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை. நான் அவர் என்பேன், அவர் நான் என்பார். உள்ளே பொழுது போக வேண்டுமே, அவர் ஒவ்வொருவரிடமாகப் போய், எதற்காக இந்தச் சண்டைக்கு வந்தாய் என்று விசாரித்தார். ஒருவனுடைய மச்சினன் பார்த்துக்கொண்டு நின்றானாம், ஓடியிருந்தால் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாதாம். இன்னொருவனின் தகப்பனை மேடையில் பெயர் சொல்லி இழுத்தார்களாம். மூன்றாமவனுக்கு வேலை இல்லை. கொடி கட்டப் போனால் சாப்பாடும் மரியாதையும் கிடைக்கிறது, கொடியை விட்டுக்கொடுத்தால் இரண்டும் போய்விடும் என்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கொள்கைக்காக அடிச்சவன் ஒருத்தன் உண்டா வே? நானும் இல்ல, நீரும் இல்ல" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. அங்கேயே வாதாட ஆரம்பித்தேன்.

அன்று தொடங்கிய வாதம் அவர் சாகும்வரை ஓயவில்லை. நான் சொல்வது இது: நம்முடையது வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கரிசல். பருத்தி பொய்த்துவிட்டால் திருவேங்கடம் வட்டாரத்துப் பையன்களுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாதவனைச் சாதி சொல்லிக் கூட்டம் சேர்ப்பது சுலபம். சேர்த்துவிடுகிறவன் பிள்ளை வெளியூரில் பத்திரமாகப் படித்துக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யாமல் வெட்டுக்குத்து ஓயாது. அவர் மறுக்க மாட்டார். "நீரு சொல்லுதது விறகு. அது எல்லா ஊர்லயும்தான் அடுக்கிக் கிடக்கு. எரியுதது எப்பன்னு பாரும். ஒருத்தன் நாலு பேருக்கு முன்னால தலை குனியும்போதுதான் எரியுது" என்பார். விறகை அகற்றாமல் தீப்பெட்டியை ஒளித்து வைத்து என்ன பயன் என்று நான் சீறுவேன். "விறகை நீரு அகத்தும். அதுவரைக்கும் தீப்பெட்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்பார். காப்பி சொல்வேன்.

அவர் கட்சி ஜெயித்த நாட்களில் ஊர்வலம் எந்தத் தெருவில் போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். தோற்ற வேட்பாளரின் தெரு வந்தால் மேளத்தை நிறுத்திவிட்டு வேறு வழியாகத் திருப்புவார். பையன்கள் முணுமுணுத்தால் அவர் சொல்வதை நானே நின்று கேட்டிருக்கிறேன். "தோத்தவன் ஜன்னல் வழியா நம்மளப் பாத்துக்கிட்டிருப்பான். அவன் பொண்டாட்டி அவனப் பாத்துக்கிட்டிருப்பா. அதை நாம பாக்க வேண்டாம்ப்பா." இதைக் கோழைத்தனம் என்று அவர் கட்சியிலேயே கேலி பேசியவர்கள் உண்டு.

அவர் அருமை தெரிந்தது, கரிவலம்வந்தநல்லூர் போகும் வழியில் உள்ள ஒரு ஊரில். பெயர் வேண்டாம், இன்று அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஊராட்சித் தேர்தலில் அவர் கட்சி செல்லத்துரை ஜெயித்தார், எங்கள் கட்சி முத்தையா கொஞ்ச ஓட்டில் தோற்றார். அன்று அண்ணாச்சி ஊரில் இல்லை. ஊர்வலம் முத்தையா வீட்டு வாசலில் நின்றது. சரவெடியைப் படியிலேயே போட்டு ஆடினார்கள். உள்ளிருந்து ஒரு கல் வந்தது. வெளியிலிருந்து அரிவாள் வந்தது. முத்தையாவின் மகன் இசக்கிக்கு வலது மணிக்கட்டில் வெட்டு. வெட்டியது செல்லத்துரையின் அக்கா மகன். அவன் தலைமறைவாகிவிட்டான். இசக்கி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்க, அவன் கூட்டாளிகள் பதிலுக்கு ஒரு தலை வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் எங்கள் கட்சிப் பையன்கள். நான் சொல்லியும் கேட்கவில்லை.

தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எழுந்து போனோம். வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னிடம், "பேனாதான் வே சமாதானமாயிருக்கு" என்றார்.

அடுத்த வாரம் செல்லத்துரையின் தாயார் முதுமையில் இறந்துபோனார். செய்தி கேட்டதும் அண்ணாச்சி என் கடைக்கு வந்துவிட்டார். முத்தையாவைத் துட்டிக்கு அழைத்து வர வேண்டும் என்றார். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவதை எங்கள் பக்கம் துட்டி என்போம். நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போவார்கள். துட்டிக்கு அழைப்பு கிடையாது. வந்தவனை வாசலில் நிறுத்துகிறவனும் கிடையாது. துக்கக்காரர் வரிசையில் நின்று கையை நீட்டுவார், வருகிறவர் தொட்டுவிட்டுப் போய் உட்காருவார். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. "ரெண்டு பேர்ல யாரும் இறங்கி வந்ததா ஆகாது வே. செத்துப்போன மனுஷிக்காக வந்ததாத்தான் ஆகும்" என்றார். முத்தையாவிடம் நான் பேசினேன். வெட்டினவன் வீட்டுக்கா என்று எரிந்து விழுந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து, அந்தக் கிழவி இசக்கிக்குப் பிள்ளைப் பருவத்தில் எத்தனை நாள் சோறு ஊட்டியிருக்கிறாள் என்று சொன்ன பிறகு, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இதற்குள் எங்கள் பையன்கள் ஒரு காரியம் செய்துவிட்டார்கள். முத்தையா துட்டிக்குப் போகிறார் என்றதும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். அதில் மாவட்டச் செயலாளர் ஆள் உயரம், நான் அரை ஆள் உயரம், முத்தையா கும்பிட்டபடி. இறந்துபோன கிழவி மூலையில் தபால் தலை அளவு. அதைக் கொண்டுபோய் செல்லத்துரையின் வெற்றி பிளெக்ஸை மறைத்துக் கட்டிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. முத்தையா சந்து முனையிலேயே நின்றுவிட்டார். இன்னொரு சாவு அந்த வாசலிலேயே விழப்போகிறது என்று நினைத்தேன்.

அண்ணாச்சி ஒரு பிளேடு வாங்கி, முதலில் தன் கட்சியின் வெற்றி பிளெக்ஸை அறுத்து இறக்கினார். அதைப் பார்த்து அவர் ஆட்களே திகைத்துவிட்டார்கள். அடுத்து எங்களுடையதையும் இறக்கினார். இரண்டையும் பந்தலுக்கு அடியில் கவிழ்த்து விரித்து, "தரையெல்லாம் ஈரமா இருக்கு. ஜனங்க உக்காரட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, தலைவர்கள் இன்றைக்குத்தான் மக்களுக்கு உபயோகப்படுகிறார்கள் என்று மெல்லச் சொன்னார். எங்கள் மாவட்டச் செயலாளரின் மேல் முதலில் உட்கார்ந்தவன் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மடித்துக் கட்டிய வேட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

முத்தையா வந்தார். செல்லத்துரை கையை நீட்டினார். முத்தையா தொட்டார். கையை எடுக்கும் நேரத்தில் செல்லத்துரை, "இசக்கிக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். விரலை மடக்க முடியவில்லை என்று முத்தையா சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. செல்லத்துரை தாயாருக்காக அழுதாரா, அந்தக் கைக்காக அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அழுதார்.

மற்றவராக இருந்தால் இத்தோடு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார். அண்ணாச்சிக்குச் சமாதானம் வேறு, நியாயம் வேறு. காரியம் முடிந்த மறுநாள் செல்லத்துரையிடம் போய், "அவரு உம்ம அம்மைக்காகக் கையத் தொட்டாரு. அவரு மகன் கைக்கு நீரு என்ன செய்யப் போறீரு?" என்று கேட்டார். அக்கா மகனை வரவழைக்கச் செய்து, தானே பேருந்தில் கூட்டிப்போய் நீதிமன்றத்தில் சரணடைய வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் பையன்களுக்குக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனார்கள். இசக்கியின் விரல்கள் இன்றும் முழுதாக மடங்காது. ஆனால் வண்டி ஓட்டுகிறான், அண்ணாச்சியின் அடக்கத்துக்கும் ஓட்டிக்கொண்டுதான் வந்தான்.

ஜெயித்த ஊரில் சொந்த ஆளையே பிடித்துக் கொடுத்தவர் என்று அவர் கட்சி அவருடைய பதவியைப் பறித்தது. பிறகு திருப்பித் தரவும் இல்லை. நான்தான் கொதித்தேன். அவர் உரக்கடையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே, "கூட்டத்துக்கு நாற்காலி போடுத வேலை மிச்சம் வே" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். புளியங்குடி எலுமிச்சை விலையைப் பற்றியும், சாமுவேலுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றியும் பேசுவார். உறுப்பினர் அட்டையை மட்டும் கடைசிவரை புதுப்பித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "நான் வெளிய வந்துட்டா நீரு யார்கூட சண்ட போடுவீரு?" என்பார்.

கல்லறைத் தோட்டத்தில் அவர் பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். என் கட்சிக் கரை வேட்டியோடுதான் கொடுத்தேன், என்னிடம் வேறு வேட்டி இல்லை. வீடு வருவதற்குள் எங்கள் கட்சி வாட்ஸ்அப் குழுவில் படம் சுற்றிவிட்டது. கரை வேட்டியோடு எதிர்க்கட்சிக்காரரைச் சுமந்ததற்கு விளக்கம் வேண்டும் என்று எங்கள் புது நகரச் செயலாளர் எழுதியிருந்தார். என் மகன் வயது. எனக்குத் தலைக்கு ஏறியது. அவன் பிறப்பதற்கு முன் நான் ஜெயிலுக்குப் போனவன் என்று தொடங்கி நீளமாகத் தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பப் போகும்போது அண்ணாச்சியின் கேள்வி வந்து நின்றது. எந்தத் தகராறு என்றாலும் அவர் முதலில் கேட்பது: "யாரு முன்னால யாரு வே தலை குனிஞ்சது?" யோசித்தேன். மேலிடத்தில் யாரோ அந்தப் பையனை, உன் ஆட்கள் உன் பேச்சைக் கேட்க மாட்டார்களா என்று கேட்டிருக்க வேண்டும். எழுதியதை அழித்துவிட்டு அந்தச் செயலாளர் வீட்டுக்கு நடந்தேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வரவேற்றார். "அவரு அப்படி உங்களுக்கு யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நான் வார்டுல தோத்த மறுநாள் நம்ம கட்சிக்காரன் ஒருத்தனும் என் கடைப்பக்கம் வரல தம்பி" என்றேன். "என்னைத் தோக்கடிச்சவரு வந்தாரு. மத்தியானம் வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பூ விலையப் பத்திப் பேசினாரு. அவரு உக்காந்திருந்ததால அன்னைக்கு என்னையப் பாத்து யாரும் சிரிக்கல."

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு உள்ளே திரும்பிக் காப்பி கேட்டார். நான் குடித்து முடித்ததும், "நாளைக்கு அவங்க வீட்டுக்கு நானும் வாரேன், என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றார். போனோம். சாமுவேல் கையை நீட்டினான், அவர் தொட்டார்.

விறகை அகற்றுவதுதான் முதல் வேலை என்று இன்றும் நினைக்கிறேன். அதை ஒப்புக்கொள்ளாமலே போய்விட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. கோபம் வரும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அவர் இல்லாமல் போனதாகவே எனக்குத் தோன்றுவதில்லை.