நாத்தனார் ஒட்டிய டேப்

புதுச்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில், மேசைமேல் வைக்கும் சிறிய வாட்டர்ஜெட் மெஷினை வைத்துத் தொழில் செய்கிறேன். மணல் கலந்த தண்ணீரைப் பீய்ச்சியே டைல்ஸ், கண்ணாடி எல்லாம் வெட்டும். சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன்ட் கண்ணாடியை மட்டும் வெட்டக் கூடாது. பட்டதும் மொத்தமாக வெடித்துவிடும்.

போன மாதம் என் நாத்தனார் ஒரு டீப்பாய் கண்ணாடியைக் கொண்டுவந்தார். கீறல் விழாமலிருக்க நான் வழக்கமாக ஒட்டும் டேப்பை, அவரே இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தார்.

"உனக்கு வேலை மிச்சம். வட்டமா வெட்டிக் குடு."

"டஃபன்ட் இல்லையே அண்ணி?"

"சாதா கண்ணாடிதான்."

நம்பினேன். தண்ணீர் பட்டதுமே பட்டாசு வெடித்ததுபோல் சத்தம். மூடி போட்டிருந்ததால் என் கண் தப்பியது. மெஷினில் தண்ணீர் பீய்ச்சும் முனை உடைந்துபோனது. நொறுங்கியதை அள்ளும்போது ஒரு மூலை டேப்போடு வந்தது. உரித்தால், அடியில் கண்ணாடியிலேயே பொறித்த டஃபன்ட் முத்திரை.

"முன்னயே தெரியுமா அண்ணி?"

"பெரிய மார்க்கெட் பக்கம் கடையில முடியாதுன்னுட்டாங்க. சொன்னா நீயும் மாட்டேன்னுடுவியே!"

என் கணவர், "விடு, அக்காவையா கேள்வி கேக்குற?" என்றார். என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போதெல்லாம் யார் டேப் ஒட்டிக் கொண்டுவந்தாலும் முழுவதும் உரித்துப் பார்த்த பிறகே மெஷினில் வைக்கிறேன். சொந்தக்காரர்கள் என்றால் இரண்டு தரம் பார்க்கிறேன்.