பூஜைக்கு வைத்த இரண்டு சாவிகள்

என் அண்ணனை நேரில் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவேன். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இங்கே 'அவன்' என்றே எழுதப்போகிறேன். கார் சாவி விஷயத்தில் அவன் செய்த வேலைக்கு அதுவே அதிகம்.

நான் புருஷனை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்த வருஷமே அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் பாலக்காட்டில் டயாலிசிஸ் என்றானது. கார் அப்பா பெயரில் இருந்தது. ரிமோட் எல்லாம் இல்லாத சின்ன வண்டி. கறுப்புத் தலை வைத்த சாவி இரண்டு. ஒன்று அண்ணனிடம், ஒன்று என்னிடம். அப்பாவை நான்தான் கூட்டிப்போவேன். அந்த இரண்டு நாளும் பார்த்து அண்ணனுக்குத் தென்னந்தோப்பில் தலைபோகிற வேலை வந்துவிடும். ஆனால் சொந்தக்காரர்களிடம், "வண்டிய எடுத்துட்டு ஊர் சுத்தறா. நாளைக்கு ஊட்டையும் கேப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருகினேன். இன்ஜின் உறுமியது, உடனே அணைந்தது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. நாலைந்து தடவை முயன்றும் அதே கதை. அண்ணன் வாசலில் நின்று பார்த்தான், கிட்டே வரவில்லை. கடைசியில் ஆட்டோ பிடித்துப் போனோம். திரும்பும் வழியில் குலுங்கிக் குலுங்கி அப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

மறுநாள் கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு கார் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மெஷினைச் சொருகிப் பார்த்தார்.

"சாவி கெடலைங்க. அதோட தலைக்குள்ள ஒரு சிப் இருக்குது. அது தெரிஞ்ச சிப்பான்னு பாத்துட்டுத்தான் வண்டி இன்ஜின ஓட விடும். திருடமுடியாம இருக்கறதுக்குங்க. உங்க சாவிய லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க."

"ஆருங்க எடுத்தது?"

"ஒரு சாவி தொலஞ்சு போச்சுன்னு சர்வீஸ் சென்டர்ல சொன்னா எடுத்துருவாங்க. ஓனர் கையெழுத்து வேணுங்க. மறுபடி சேக்கறதுக்கும் வேணும்."

ஓனர் அப்பா. அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அண்ணனிடம் கேட்டேன். "ஏனுங்ணா, எஞ்சாவி திருட்டுச் சாவிங்களா?"

"சாவி உங்கையிலதான இருக்குது? கதவு தொறக்குமல்ல. தொறந்து உள்ள ஒக்காந்துக்கோ" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

ஆயுத பூஜை வரைக்கும் ஆட்டோதான். வாந்திக்கென்று பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துப்போகப் பழகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் அஷ்டமி சாயங்காலம் டிராக்டர் சாவி, மோட்டார் ரூம் சாவி, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் கார் ஷெட்டில் வாழையிலை போட்டுப் பூஜைக்கு வைப்போம். வைத்ததை விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. என் சாவியையும் கொண்டுபோய் வைத்தேன்.

"செத்த சாவிக்கு எதுக்குப் பூசை?" என்றான் அண்ணன்.

அவன் சாவியில் தோல் வளையம் ஒன்று தொங்கும். பூஜைக்குத் தோல் ஆகாது என்று அதை அவனே கழற்றிவிட்டு, என் சாவிக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டின் தலையிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பூப் போட்டதும் அவன்தான்.

விஜயதசமி செவ்வாய்க்கிழமை வந்தது. கற்பூரம் காட்டியதும் அண்ணன் இலையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். மாமனார் வீட்டுக்குப் புறப்படும் அவசரம். நான் மிச்சமிருந்த சாவியை எடுத்துக்கொண்டேன். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்காகக் காத்திருந்தார். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது.

இன்ஜின் உறுமியது, அணைந்தது. மறுபடியும் அப்படியே. அண்ணன் இறங்கிப் பானெட்டைத் திறந்தான், மூடினான், என்னைப் பார்த்தான்.

"வண்டிய என்ன பண்ணி வெச்ச?"

நான் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையிலிருந்த சாவியின் சந்தனத்தைச் சேலையில் துடைத்தேன்.

"தள்ளுங்ணா" என்றேன். அப்பாவை ஏற்றினேன். ஒரே திருகில் வண்டி கிளம்பியது. பழங்கள் நசுங்கிய சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பாலக்காடு போகிற வழியில் சித்தூர் தாண்டும்போது அப்பா வாயைத் திறந்தார். "நாந்தாங் கண்ணு கையெழுத்துப் போட்டேன்."

"தெரியுங்கப்பா. ஏனுங்கப்பா போட்டீங்க?"

"அவன்தான எனக்குக் கொள்ளி வெக்கோணும்."

வாரம் இரண்டு தடவை இந்த மனுஷனைச் சாகவிடாமல் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவள் நான். அதைச் சொல்லிக் கத்தவேண்டும்போல் இருந்தது. கியரை மாற்றினேன். அன்றைக்கு அப்பா வாந்தி எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"குடுத்துரு சாமி" என்றார் அப்பா என்னிடம்.

"அண்ணங்கிட்ட ஒரு சாவி இருக்குதுங்கப்பா. கதவு தொறக்கும்" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் மறுபடியும் சர்வீஸ் சென்டர் காகிதம் ஒன்றை அப்பா முன்னால் வைத்து, பேனாவை நீட்டினான். நான் கதவோரம் நின்றேன். அப்பா காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணாடி எங்கயோ வெச்சுட்டனப்பா. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது.