பயணம் சொல்லிவிட்டுப் போகாதவள்

நண்டு எங்கள் வீட்டில் அடுப்பேறியதில்லை. மார்க்கத்தில் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். அந்த வீட்டுப் பிள்ளையான என் கணவர் நண்டைப் பற்றிப் பேசுவதற்காகக் கப்பலேறப் போகிறார் என்று தெரிந்ததும், செங்கல்பட்டில் எங்கள் தெரு ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் வேலை. விடுமுறை வந்தால் மாமல்லபுரத்துப் பாறைமேல் குந்திக்கொண்டு, அலை ஏறி இறங்கும் இடத்தில் இருக்கும் சின்ன நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் கடல் உயிர்களைப் பற்றி மாநாடு. அழைப்போடு ஒரு நீல அட்டைப் புத்தகமும் தபாலில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கான பயணக் குறிப்புகள். அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டு மேசைமேல் போட்டுவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள், இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும். அவருடைய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமையல் முடிந்த பகல்களில் படித்தேன்.

அந்தப் புத்தகத்துக்கு என்மேல் எவ்வளவு அக்கறை! ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் நடக்கவும். பச்சைப் பலகை மாட்டிய டிராமில் ஏறவும். தேவாலயத்தைத் தாண்டி நாலாவது நிறுத்தத்தில் இறங்கவும். கோடைதானே என்று நினைக்க வேண்டாம், மாலையில் குளிரும், கம்பளிச் சட்டை எடுத்து வரவும். குளிக்க வெந்நீர் வேண்டுமானால் சுவரில் இருக்கும் பெட்டியில் காசு போடவும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்கா. எந்த ஊருக்குப் போனாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்கள் பின்னால் நடந்தவளுக்கு, எங்கே திரும்ப வேண்டும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சென்னையில் டிராம் ஓடின நாளிலேயே நான் ஏறியதில்லை. இப்போது அங்கே டிராமையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பச்சைப் பலகை வண்டியில் ஏற வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது.

கடைசிப் பக்கத்தில், மனைவியரையும் அழைத்து வரலாம் என்று இருந்தது. ஆண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெண்களுக்குத் தனி பஸ். ஆற்றங்கரைத் தோட்டம், பீங்கான் செய்யும் இடம், அப்புறம் தேநீர். அதை அவரிடம் படித்துக் காட்டினேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப நீயும் வாயேன்" என்றார்.

மாமியார் தடுப்பார் என்றுதான் நினைத்தேன். "புள்ள குட்டி இல்லாதவ, வூட்ல குந்திகினு இன்னா செய்யப் போறா? போயிட்டு வரட்டும்" என்றார். கல்யாணமாகி ஏழு வருஷம். குத்தவும் செய்து, கதவையும் திறந்துவிட்ட பேச்சு அது. குத்தியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரே பாஸ்போர்ட்டில் அவர் படமும் என் படமும் ஒட்டி வந்தது. முதன்முதலாக என்னைப் படத்தில் பார்த்தேன். பயந்த முகமாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

எங்களில் கப்பல் பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் ஏதாவது பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் செய்வார்கள். எங்கள் தெருவுக்குத் தெரிந்த கப்பலும் அது ஒன்றுதான். அதனால் போன வீட்டிலெல்லாம் தங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி எங்களிடம் துஆ கேட்டார்கள். ஒரு கிழவி மக்காவிலிருந்து ஜம்ஜம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கப்பல் அந்தப் பக்கமாகப் போகும், ஆனால் நிற்காது என்று இவர் பொறுமையாக விளக்கினார். கப்பல்காரனிடம் சொன்னால் நிறுத்துவான், நீ கேட்டுத்தான் பாரேன் என்றாள் அவள். சாக்கடைத் தகராறில் இரண்டு வருஷமாக என்னோடு முகங்கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவளைப் பிடிக்காதுதான், இருந்தாலும் அழுகை வந்தது.

நாங்கள் செய்த தப்பு, ஊசியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டது. அம்மை குத்தினால் கை வீங்கும், ஜுரம் வரும், அப்புறம் வீடு வீடாக எப்படி அலைவது, முதலில் பயணம் சொல்லி முடித்துவிடலாம் என்றார் இவர். சரியென்றுதான் எனக்கும் பட்டது. எல்லா வீட்டிலும் சொல்லி முடித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த லேடி டாக்டர் குத்துவதற்கு முன்னால் ஏதேதோ கேட்டார். உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார். வெளியே வந்து சிரித்துக்கொண்டே, நான் உண்டாகியிருக்கிறேன், இந்த நிலையில் அம்மை குத்தக் கூடாது என்றார்.

குத்திய சான்று இல்லாதவரைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நீலப் புத்தகத்தில் அது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. டாக்டர் அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

சந்தோஷமில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஏழு வருஷம் கேட்டது கிடைத்திருக்கிறது. மாமி தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். எல்லோரும் தூங்கிய பகலில், நான் கொல்லைப்பக்கம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் டிராமுக்காக என்றா சொல்வது?

இவர் தானும் போகவில்லை என்றார். மனசாரத்தான் சொன்னார். "ரெண்டு பேரும் போவலன்னா அந்த ஊரே இல்லன்னு ஆயிடும். நீங்க போங்க மச்சான்" என்று அனுப்பிவைத்தேன்.

அவர் போய்விட்டார். எனக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. பயணம் சொன்னவள் ஊரிலேயே நின்றால் எப்படி? பார்க்கிறவர்கள் எல்லோரும் "இன்னாம்மா, இன்னும் போவலியா?" என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்தவர்களும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி பாவம், பழையபடி சண்டை போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலுக்கு வருவதும் உள்ளே போவதுமாக இருந்தாள். கடைசியில் மாமியே, அக்கா வீட்டுக்குப் போய் இரு என்று சொல்லிவிட்டார். அக்காவின் வீட்டுக்காரருக்கு மாமல்லபுரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக்கடை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் நீலப் புத்தகம் இருந்தது.

அங்கே ஒரு நாள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கடை வாசலில் நின்றாள். கையில் புத்தகம். அதைப் பார்ப்பாள், தெருவைப் பார்ப்பாள், மறுபடியும் புத்தகத்தைப் பார்ப்பாள். பிறகு சரியான பக்கம் திரும்பி, சிற்பப் பாறையை நோக்கி நடந்துபோனாள். எங்களூரையும் இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அவள் படித்தாள், வந்துவிட்டாள் என்று நினைத்தேன். வயிறெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் நானும் புறப்பட்டேன். கலங்கரை விளக்கத்தை ஸ்டேஷன் என்று வைத்துக்கொண்டேன். வெளியே வந்து வலப்பக்கம் நடந்தேன். சவுக்குத்தோப்பு ஓரம் கொஞ்சம் நின்றால் டிராம் வந்துவிடும். ரதங்கள் வந்தால் தேவாலயம். அங்கிருந்து நாலு நிறுத்தம் எண்ணிக்கொண்டே மணலில் போவேன். கடல் தெரியும் இடத்தில் தங்கும் விடுதி. கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன், வெந்நீருக்கு வேண்டுமே. விடுதியைத் தாண்டினால் பெண்களுக்கான பஸ், அதைத் தாண்டினால் ஆற்றங்கரைத் தோட்டம். அந்தத் தோட்டத்தில் நான் வைத்த மரங்களுக்கு இங்கே பெயரே கிடையாது. அவ்வளவு பெரிதாக, ஈரமாக இருந்தன.

அக்கா துணைக்கு வருவாள். "இன்னாடி, தெனம் மணல்ல இன்னாத்த தேடிகினு கீறே?" என்பாள். மூச்சு வாங்குகிறதே, வீட்டில் கிடக்கக் கூடாதா என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே வருவாள். வயிறு பெருக்கப் பெருக்க எனக்கு நடை குறைந்தது, ஊர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அங்கே நான் முக்காடு போடவில்லை. யாருக்கும் பின்னால் நடக்கவில்லை. வழி கேட்கிறவர்களுக்கு நானே வழி சொன்னேன். இவர் நினைவு வரும்போது இவரும் அந்த ஊரில்தான் இருக்கிறார், அடுத்த தெருவில் போய்க்கொண்டிருப்பார் என்று தோன்றும். அதுவே போதுமாக இருந்தது.

எனக்கு ஏழாம் மாதம் முடியும்போது அவர் வந்தார். செங்கல்பட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேரே மாமல்லபுரம் வந்து இறங்கினார். கொஞ்சம் வெளுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. அக்கா போட்டுவைத்த டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் செய்த காரியத்தைச் சொன்னார். அரைநாள் கூட்டத்தை விட்டுவிட்டுப் பெண்களின் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார். என் பேரில் பதிந்துவைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாராம். பஸ் நிறைய வெள்ளைக்காரிகள், நடுவில் இவர் ஒருவர்தான் ஆண்பிள்ளை. நண்டைவிட்டுக் கண்ணை எடுக்காத மனிதர் எனக்காக அப்படிப் போயிருக்கிறார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அவரை அப்போது அவ்வளவு பிடித்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் கேட்பேன் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். வலப்பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை, வெறும் கிடங்குகள்; புத்தகத்தில் போட்டிருந்த வழி பழசு. டிராமை அங்கேயும் எடுத்துவிட்டார்கள். தேவாலயத்தின் பாதிச் சுவர் சண்டைக்காலத்துக் குண்டில் போனது, இன்னும் கட்டவில்லை. தோட்டம் சின்னது, நம் கல்லூரித் தோட்டத்தில் பாதி இருக்கும். அன்றைக்கு மழை, யாரும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல என் ஊர் ஒவ்வொரு தெருவாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "போதும் மச்சான், சொல்லாதீங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "உனக்காகத்தானே போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றார்.

"தெரியும்" என்றேன். தெரிந்துதான் இருந்தது. அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் தாங்கவில்லை. களைப்பாயிருக்கும் என்று அவருக்குப் பாய் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாடி, நேரமாவுது" என்று கூப்பிட்டாள். நான் வரவில்லை என்றேன். எனக்குப் போவதற்கு ஊர் இல்லை.