சிடிக்கு வைத்த சந்தனப் பொட்டு

கேம் சிடியில கோடு விழுந்தா நம்ம ஊர் ஜனங்க முதல்ல ஓடுறது பாத்ரூமுக்கு. டூத்பேஸ்ட்டைப் பிதுக்கி, கைலியால வட்டம் வட்டமா தேய்ப்பாங்க. அப்புறம் ஃபோன்ல எவனோ காட்டினான்னு வாழைப்பழத் தோலு. அதுக்கும் அப்புறம் மெழுகுவத்தி. சிடி பழைய தோசைக்கல்லு மாதிரி ஆனதுக்கு அப்புறம்தான் திருவொற்றியூர்ல என் கடை ஒண்ணு இருக்கிறது ஞாபகத்துக்கு வரும். "ஒண்ணுமே பண்ணலண்ணா, தானா நின்னுபோச்சு"ன்னு நீட்டுவாங்க. சிடியில புதினா வாசனை கும்முனு அடிக்கும்.

இவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மொபைல் ரிப்பேர்தான் என் பொழப்பு. ஆனா பழைய கேம் பெட்டி, சிடி எல்லாம் பார்க்கிற ஆளு இந்தப் பக்கத்துல நான் ஒருத்தன்தான். அந்தத் திமிரு எனக்கு நிறையவே உண்டு. வர்றவங்க எல்லாருக்கும் பாடம் எடுப்பேன். "பளபளன்னு இருக்கே அடிப்பக்கம், அங்க கோடு விழுந்தா தேய்ச்சு எடுத்துடலாம். மேல பேர் எழுதியிருக்கு பாருங்க, உயிரே அங்கதான். அந்த வெள்ளிப் பூச்சு எழுத்துக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டிருக்கு. அது உரிஞ்சா ஆண்டவனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது." எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க. ஆட்டிக்கிட்டே அந்தப் பேர் எழுதின பக்கத்தை என் மேஜையில போட்டுத் தர்ருன்னு இழுப்பாங்க. மண்டையில ஏறினாத்தானே!

போன வருஷம் ஆயுத பூஜை முடிஞ்ச வாரம், காசிமேட்டுல மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. அம்பது வயசு இருக்கும். பிளாஸ்டிக் கவருக்குள்ள ஒரு சிடி. பஜார்ல காப்பி போட்டு வித்த சரக்கு. படம் கிடையாது, கம்பெனிப் பேரு கிடையாது, மேல மார்க்கர் பேனாவால 'மீன் 2'ன்னு எழுதியிருந்துச்சு, அவ்வளவுதான். எழுத்துக்குப் பக்கத்துல காஞ்ச சந்தனம். அதுமேல குங்குமம்.

"இன்னாக்கா, சிடிக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?" சிரிப்பை நான் அடக்கக்கூட இல்ல.

அந்த அக்கா கோவிச்சுக்கல. "எங்க வூட்டுக்காரரு மீன் புடிக்கிற லாஞ்சுல டிரைவரு நைனா. முப்பது வருசமா பூஜைக்கு இஞ்சினுக்குத்தான் வெப்பேன். இப்ப அவரு கை வெக்கிறது இது ஒண்ணுலதான். அதான் வெச்சேன்."

அப்புறம் முழுக்கதையும் வந்துச்சு. அந்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் ரெண்டும் போச்சு. பேச்சும் குழறிப்போயி, அப்புறம் பேசறதையே விட்டுட்டார். பொண்ணு கல்யாணமாகிப் போறப்ப விட்டுட்டுப் போன பழைய கேம் பெட்டியில இந்த ஆட்டத்தை அக்கா ஒருநாள் போட்டுக் காட்டியிருக்காங்க. ஏரி, குட்டிப் படகு, அதுல தூண்டிலோட ஒரு வெள்ளைக்காரன், ஒரே ஒரு மீனு. முப்பது வருஷம் வலையில டன் கணக்குல அள்ளினவருக்கு அதைப் பார்த்ததும் பத்திக்கிட்டு வந்துச்சாம். "ஒரு மீனு, த்தூ"ன்னாராம். மாசக்கணக்குல மூடியிருந்த வாய் திறந்தது அதுக்குத்தான்.

"தெனமும் ஆடசொல்லோ அந்த மீனத் திட்டுவாரு. டாக்டரும் எப்டியாவது பேச வெய்யின்றாரு. இது நின்னு பத்து நாளாச்சு நைனா. ஒரு வார்த்த இல்ல. சொவத்தப் பாத்துகினு குந்திகினு கீறாரு. நாந்தான் பல்பொடி போட்டுத் தேச்சுப் பாத்தேன்."

"பல்பொடியா? சுத்தம்! சாயங்காலம் வாங்க."

வேலையை ஒழுங்காத்தான் செஞ்சேன். வாட்டர் பேப்பர்ங்கிற நைசான உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு, நடுவுலேருந்து ஓரத்துக்கு நேர் நேரா இழுத்தேன். அப்புறம் கார் பெயின்ட்டுக்குப் போடுற ரப்பிங் காம்பவுண்ட். கடைப் பெட்டியில போட்டேன். ஏரி வந்துச்சு, ஒரு கொக்கு பறந்துச்சு, வெள்ளைக்காரன் தூண்டிலை வீசினான். ஒரு மணி நேரம் எங்கயும் நிக்காம ஓடுச்சு.

அத்தோட கவர்ல போட்டு மூடியிருக்கணும். ஆனா அந்தப் பொட்டு என் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. என் கடையிலேருந்து போற வேலை இப்படிக் கலீஜாவா போகும்? ஃபோன் மூடியை நெம்புறதுக்குன்னு கட்டைவிரல் நகத்தை நீட்டமா வெச்சிருந்தேன். அதை உள்ள கொடுத்து ஒரு சுரண்டு. சந்தனம் முழுசா கழண்டு வந்துச்சு. கூடவே வெள்ளியும் உரிஞ்சு வந்துச்சு.

லைட்டுக்கு நேரா பிடிச்சேன். துவரம்பருப்பு அளவுக்கு ஓட்டை, அது வழியா வெளிச்சம் தெரிஞ்சுது. பெட்டியில போட்டா டிக் டிக்னு சத்தம்தான், திரை இருட்டு. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாத்தியாரு!

சாயங்காலம் அந்த அக்கா வந்தப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பல்பொடி போட்டா இப்படித்தான் ஆகும். இனிமே இது ஓடாது." கூசாம சொன்னேன். அவங்க சண்டை போடுவாங்கன்னு பார்த்தேன். "அப்ப அவரு வாய நானே அடைச்சிட்டேனா நைனா?"ன்னு கேட்டுட்டு, சிடியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கல. டூத்பேஸ்ட் கூட்டத்தை அவ்வளவு கேவலமாப் பார்த்தேனே, அதுல ஒருத்தனாவது தான் செஞ்சதை அடுத்தவன் தலையில கட்டினானா? த்தூ, நானெல்லாம் ஒரு ஆளு. ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட்டுல விசாரிச்சு அவங்க வீட்டுக்கே போயிட்டேன்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். சிடி டிவி மேல இருந்துச்சு. எடுத்து அவர் கையில கொடுத்து, அந்த அக்கா காதுலயும் விழுற மாதிரி சொன்னேன். "மாமா, பல்பொடியால ஒண்ணும் ஆகல. நல்லா ஓடுச்சு. நான்தான் பொட்டை நகத்தால சுரண்டி நாசம் பண்ணேன். அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்."

இடது கையால சிடியை ஜன்னலுக்கு நேரா தூக்கினார். ஓட்டையில கண்ணை வெச்சு என்னைப் பார்த்தார். தாடை இப்படியும் அப்படியும் அசைஞ்சுது.

"ந... நகத்தாலயா?"

அடுப்படியில பாத்திரம் விழுந்த சத்தம். அந்த அக்கா ஓடி வந்து வாசப்படியில நின்னாங்க.

"பேமானி"ன்னார். மூச்சு வாங்கிச்சு. "உனுக்கு... எவன்டா... கடை வெச்சுக் குட்த்தான்?"

அந்த அக்கா வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. நடுவுல சிரிச்சாங்க. அந்த வசவு எனக்குத் தேவைதான்.

அதுலேருந்து வாரா வாரம் ஞாயித்துக்கிழமை போறேன். 'மீன் 2'ன்னா எந்த ஆட்டம்னு யாருக்குத் தெரியும்? நெட்டுல தேடி, மீன் பிடிக்கிற ஆட்டமா பார்த்து ஒவ்வொண்ணா காப்பி போட்டு எடுத்துட்டுப் போவேன். ஏரி வந்ததுமே "இது அது இல்ல"ன்னு தள்ளிடுவார். அப்புறம் அர்ச்சனை ஆரம்பிக்கும். கஸ்மாலம், சோமாரின்னு தொடங்கி, என் கடை, என் மூஞ்சி, என் தலைமுடி ஒண்ணு விடமாட்டார். முதல்ல ரெண்டு மூணு வார்த்தையா வந்தது, போகப் போக நீட்டமாச்சு.

போன மாசம் நிஜமான 'மீன் 2' கிடைச்சிடுச்சு. அதே ஏரி, அதே கொக்கு, அதே வெள்ளைக்காரன். தலைகால் புரியாம எடுத்துட்டு ஓடினேன். வாசல்லயே சிடியைக் காட்டினேன். அந்த அக்கா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சா, என் கையைப் பிடிச்சு வெளியில இழுத்துட்டாங்க.

"இத்த உள்ள எத்துனு போவாத நைனா," குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. "அந்த மீனத் திட்டசொல்லோ ரெண்டு வார்த்ததான். உன்னத் திட்டசொல்லோ அந்தக் கை அசையுது."

சிடியைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு உள்ள போனேன். என்னைப் பார்த்ததும் அவரோட வலது கை நாற்காலியை விட்டு ஒரு சாண் மேல எழும்புச்சு.

"வந்துட்டியா, சோமாரி? நகத்த வெட்னியாடா? காமி."

பத்து விரலையும் நீட்டிக் காட்டினேன்.