எந்தப் பங்கு?

கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. என் ஓலை வாசிப்பதற்கே தடை வந்துவிட்டது. பழைய பங்கிலிருந்து, அதாவது இலங்கையில் நாங்கள் சேர்ந்திருந்த கோயில் வட்டாரத்திலிருந்து, வாங்கிய ஞானஸ்நானச் சீட்டு என்னிடம் இல்லை.

தொலைத்தது அம்மாதான். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய முகாமில் கேட்ட காகிதத்தையும் கொடுத்தாள், கேட்காத அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றையும் நீட்டிவிடுவது அங்கே தேயிலைத் தோட்டத்தில் வந்த பழக்கம். கீழ் கோத்தகிரியில் இரண்டு வருடம் கொழுந்து கிள்ளிய பிறகு, அருவங்காட்டில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது. இலங்கைப் பங்குக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. தவக்காலத்தில் கல்யாணம் நடத்தமாட்டார்கள்; அதற்கு முன் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். எனக்கோ அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

கோயிலில் கணக்கு எழுதும் உபதேசியார் பதிவேட்டை மூடினார். "அம்மிணி, எந்தப் பங்குன்னு நான் எழுதறதுங்க? அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்ப நாங்க கடல்லயே குதிச்சிருக்கணுமா?" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

சத்தம் கேட்டுப் பங்குச் சாமியார் வந்தார். குருமடத்தில் கிரேக்கம் படித்தவர். யாராவது அதைப் பற்றிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பார். இங்கிலீஷில் பங்கைப் பாரிஷ் என்கிறோமே, அதன் வேர் 'பரோய்க்கியா' என்ற கிரேக்கச் சொல் என்றார். 'பரா' என்றால் பக்கத்தில், 'ஒய்கோஸ்' என்றால் வீடு. சொந்தமில்லாத ஊரில் அண்டிக் குடியிருப்பதைத்தான் அது முதலில் குறித்ததாம். முதல் கிறிஸ்தவர்கள் தங்களையே அப்படி வந்தேறிகள் என்று சொல்லிக்கொண்டார்களாம். எல்லை, பதிவேடு எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

"அந்தச் சொல்லுக்கு நம்மளவிட இவங்கதான் பொருத்தம், உபதேசியாரே."

"சொல்லு சரி சாமி. ஓலை வாசிப்பீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஞானஸ்நானத்தைக் கண்ணால் பார்த்த வெளியாள் ஒருவர் சத்தியம் செய்தால் போதும் என்றார்.

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எங்களோடு இருந்த ஆட்கள் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள். விசாரித்து விசாரித்து, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த, நான் அத்தை என்று கூப்பிடும் அம்மாளை அரவேணுவில் பிடித்தோம். நெற்றி நிறையத் திருநீறோடு கோயிலுக்கு வந்து பைபிள்மேல் கை வைத்தார். "இவ அம்மா காய்ச்சல்ல கெடந்தா. நான்தான் சாமி புள்ளையத் தூக்கிட்டுப் போனேன். தண்ணி ஊத்துனப்ப கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு."

உபதேசியார் பதிவேட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

ஞாயிறன்று ஓலை வாசித்தவரும் அவர்தான். என் பெயருக்கு முன்னால் 'நம் பங்கைச் சேர்ந்த' என்றார். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து என்னை எதையும் சேர்ந்தவள் என்று யாரும் சொன்னதில்லை. விம்மி விம்மி அழுதுவிட்டேன்.

அம்மா முழங்கையால் இடித்தாள். "சும்மா இருடி. தடை இருக்குன்னு நெனச்சுக்கப் போறாங்க."