சொந்த வீட்டுக்கு வந்த கெஸ்ட்

1. ஃபேன் றெக்கை

"மேடம், வீட்ல வேலை ஒன்னும் இல்ல" என்று குயிலாப்பாளையத்திலிருந்து வள்ளி போன் செய்தாள். வள்ளி எங்கள் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். கெஸ்ட் காலி செய்ததும் உள்ளே போய், அடுத்த கெஸ்ட்டுக்கு வீட்டைத் தயார் செய்வது அவள் வேலை.

"வேலை இல்லன்னா இன்னா அர்த்தம்? கெஸ்ட் இன்னும் போகலயா?"

"போய்ட்டாங்க. பெட்ஷீட்டு தொவச்சு காயுது. பாத்ரூம் பளபளன்னு கீது. பாத்திரமெல்லாம் தேச்சுக் கவுத்து வச்சிருக்காங்க. ஃபேன் றெக்கைகூட தொடச்சிருக்காங்க மேடம். நான் இன்னா பண்ணட்டும்?"

விழுப்புரம் ஜங்ஷன் எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனிஸ்டாக ஆரம்பித்தவள் நான். இப்போது லீவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் மேனேஜர். ஆபீஸ் திண்டிவனத்தில். டவலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போன கெஸ்ட்டைப் பார்த்திருக்கிறேன். பல்பைக் கழற்றிக்கொண்டு போன மகராசனையும் பார்த்திருக்கிறேன். ஃபேன் துடைத்துவிட்டுப் போன ஆளை மட்டும் பார்த்ததில்லை.

வீட்டைக் கம்பெனியிடம் விடலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் இதுதான் முதல் பாடம்.

2. அக்ரிமென்ட்

அந்த வீடு அந்தோணிசாமி ஐயாவுடையது. விழுப்புரம் டெப்போவில் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். கையில் வந்த பணத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில், குயிலாப்பாளையத்தில் இரண்டு ரூம், ஒரு ஹால் என்று கட்டி, சென்னை, பெங்களூர் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார். கட்டியதுதான் அவர். நடத்தியதெல்லாம் அவர் மனைவி ஞானம்மா.

கெஸ்ட் வருகிறார்கள் என்றால் ஞானம்மா விழுப்புரத்தில் பஸ் ஏறிவிடுவார். ஒரு பையில் கேப்பை மாவு, ஒரு பையில் பச்சை மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர். ஈர டவலைக் கட்டிலில் போட்டால் கெஸ்ட் என்றும் பார்க்காமல் திட்டுவார். திட்டு வாங்கியவர்கள்தான் மறுபடியும் மறுபடியும் வந்தார்கள்.

ஒரு பொங்கல் லீவுக்கு, ஒரே தேதியில் இரண்டு குடும்பங்களுக்கு "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு காரும் கேட்டில் ஒன்றாக வந்து நின்றன. மனுஷி அசரவில்லை. ஆளுக்கொரு ரூமைக் கொடுத்து, அத்தனை பேருக்கும் நின்றுகொண்டே சமைத்துப் போட்டார். அதற்குப் பிறகு முட்டி மடங்கவில்லை. தரையில் உட்காரக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் அந்தோணிசாமி ஐயா அவரையும் அழைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். "இவள இப்டியே வுட்டா படுத்த படுக்கையா ஆயிடுவா மேடம். புக்கிங்கு, துணி, மோட்டாரு, எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க."

ஞானம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நான் எப்ப வந்து பாக்கலாம் கண்ணு?"

"கெஸ்ட் இல்லாத நாள்ல வாங்கம்மா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது சுலபமான பதில். ஓனருக்கென்று நாள் ஒதுக்க எங்கள் அக்ரிமென்டில் இடமே கிடையாது. எங்கள் வேலையையோ நாங்கள் நன்றாகவே செய்தோம். காலண்டரில் காலி நாளே இல்லாமல் புக்கிங் வந்தது. வாடகை மாதா மாதம் அவர்கள் கணக்குக்குப் போனது. எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. கைஜாடை

ஃபேன் துடைத்த கெஸ்ட்டின் பெயர் ஸ்டெல்லா. அடுத்த மாதமும் அவள் பெயரில் புக்கிங். அன்றும் வள்ளிக்கு வேலை இல்லை. மூன்றாம் முறை அந்தப் பெயரைப் பார்த்ததும், செக் அவுட் அன்று காலை நானே கிளம்பிப் போனேன்.

கதவு திறந்திருந்தது. ஹால் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் ஞானம்மா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தோணிசாமி ஐயா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூலைய வுட்டுட்டீங்க பாருங்க" என்றார் ஞானம்மா.

"வர்றேன்டி, கைதான ரெண்டு கீது."

என்னைப் பார்த்ததும் ஞானம்மாவின் முகம் மலர்ந்தது. "வா கண்ணு. உங்க கம்பெனி மாரி வராது. மாசத்துல ஒரு நாளு ஓனருக்கு ஓசியா வுடுறீங்களே, யாரு செய்வா இப்டி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குப் பின்னால் ஐயா ஈரத்துணியோடு நின்று 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையாட்டினார். பிறகு துணியோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் புரிந்தது. தன் வீட்டுக்குத் தானே வாடகை கட்டியிருக்கிறார் மனிதர்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பட்டென்று கேட்டுவிடுகிற ஆள். அன்று மட்டும் அடக்கிக்கொண்டேன். "ஆமாம்மா, ஓனருக்குன்னு ஒரு நாள் கீது" என்றேன்.

அவித்த மல்லாட்டையைத் தட்டு நிறைய வைத்தார். "மொதல்ல எனக்குத் தூக்கமே வர்ல கண்ணு. நம்ம வூட்டுக்கு யார் யாரோ வந்துபோய்க்கினு கீறாங்க, ஒரு வாய் தண்ணி குடுக்கலயேன்னு இருந்துச்சு. இப்ப பரவால்ல. நாம தொடச்சு வச்ச வூட்லதான அடுத்தவங்க வந்து படுக்கப்போறாங்க."

கேட் வரை கூடவே வந்த ஐயா குரலைத் தாழ்த்தினார். "ஸ்டெல்லா என் தம்பி பொண்ணு மேடம். அதான் போன்ல புக் பண்ணிக் குடுக்குது. இங்க வராம இவ சரியா சாப்புடவே இல்ல. கம்பெனிய வேணாம்னு சொன்னா மறுபடியும் வேலைய இழுத்துப் போட்டுக்கினு முட்டி போயிடும். காசு கட்டி வர்றோம்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ல ஊருக்குத் திரும்பிடுவா. ஒரே பேஜாரு."

அந்த மனிதரை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆபீஸ் படி ஏறும்போது, 'கெஸ்ட் இல்லாத நாள்ல வாங்கம்மா' என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒரு நாள் வாடகை போவுமேம்மா" என்றார்.

"போவட்டும் சார். மத்த நாளெல்லாம் வீடு நம்ம கையில இருக்கணும்னா இந்த ஒரு நாள் அவங்க கையில இருக்கணும். இல்லன்னா என்னிக்காவது சாவிய வாங்கிக்கினு போயிடுவாங்க."

அவர் யோசித்தார். பிறகு எல்லா வீட்டு அக்ரிமென்டிலும் அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கே அடுத்த மாதத்தில் அவர்கள் வழக்கமாக வரும் நாளை ஓனர் பெயரில் அடைத்து வைத்தேன்.

சில நாள் கழித்து அந்தோணிசாமி ஐயா போன் செய்தார். குரல் பதறியது. "மேடம், ஸ்டெல்லா புக் பண்ணப் பாக்குது. நாங்க எப்பவும் வர்ற நாளுல வீடு காலி இல்லன்னு வருதே. யாரு எடுத்துட்டாங்க?"

"நீங்கதான் சார். மாசத்துல ஒரு நாள் ஓனருக்கு ஓசி. உங்க வீட்டம்மாவுக்கு முன்னயே தெரியுமே."

 "சரிம்மா" என்றார். அதுவரை என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

இப்போது யாராவது வீட்டைக் கம்பெனியிடம் கொடுக்கலாமா என்று வந்தால், கமிஷனைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன்: "காசு கட்டியாவது நீங்களே வந்து செய்யணும்னு தோணுற வேலை அந்த வீட்ல எது?" உடனே பதில் சொல்லத் தெரியாமல் போய், மறுநாள் போன் செய்து சொல்கிறவர்களும் உண்டு. அந்த வேலையை மட்டும் அவர்களுக்கு என்று அக்ரிமென்டில் எழுதிவிட்டு, மற்றதற்குக் கையெழுத்து வாங்குகிறேன்.