ஜபம் என்று கும்பிட்டார்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நால்வர், வளர்த்தது ஐவர். ஐந்தாவது என் மச்சினர் மகள். எனக்கு எழுத்து அதிகம் வராது. நான் சொல்கிறேன், பேத்தி மீனு எழுதுகிறாள்.

மலையாள தேசத்தில், ஸ்ரீவராகம் என்ற இடத்தில் எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை சகஸ்ரநாமம் சொல்வோம். ஒருநாள் நடுவில் நான் நின்றுவிட்டேனாம். கண் வெறித்தது, உதடு முணுமுணுத்தது, விரல்கள் புடவைத் தலைப்பை உருட்டின. நினைவு வந்தபோது எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள்.

"மாமி, அம்பாளோட பேசிண்டிருந்தேள்!" என்று பக்கத்து வீட்டு அலமு காலில் விழுந்தாள்.

நான் மறுக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் நாலு மாதம் போயிற்று.

பிறகு ஒரு காலை, பால் பொங்கி அடுப்பை அணைத்தது. வீடெல்லாம் கேஸ் நாற்றம். நானோ அடுப்பெதிரே நின்று 'ஜபம்' செய்துகொண்டிருந்தேன்.

"இனிமே அம்மா அடுப்புப் பக்கம் போகக் கூடாது" என்றான் மகன். ஐந்து பேருக்குச் சோறு போட்ட கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

மறுவாரம் மறுபடி அப்படி நின்றபோது அவன் போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டினான். டாக்டர் மலையாளத்துச் சின்னப் பெண். அதைப் பார்த்ததும் சொன்னாள்: "அம்மே, இது ஜபம் அல்ல, ஃபிட்ஸ் ஆணு."

வலிப்பென்றால் கைகால் வெட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மூளையின் ஒரு மூலையில் மட்டும் எழுந்தால் இப்படியும் வருமாம். இந்த வயதில் புதிதாக வந்தால் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ (காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கும் படம்) வேண்டுமாம்.

மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். உள்ளே எழுந்த சத்தம் இருக்கிறதே! உற்சவத்துச் செண்டை மேளமே தோற்றது.

படத்தைக் காட்டினாள். முட்டைக்கோசைக் குறுக்கே வெட்டினால் எப்படி, அப்படியே! எத்தனை வெட்டியிருப்பேன்!

"படிக்காத தலைடா, உள்ளே எவ்வளவு எழுதியிருக்கு பாரு!" என்றேன் மகனிடம். டாக்டரே சிரித்துவிட்டாள்.

"கட்டி ஒண்ணும் இல்ல, பேடிக்கண்டா அம்மே" என்றாள், பயப்பட வேண்டாமாம். சில வெள்ளைப் புள்ளிகள் (மெல்லிய ரத்தக்குழாய் அடைபட்ட பழைய தடங்கள்) மட்டும் இருந்தன. அவைதான் காரணமா? இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். மாத்திரை தந்தாள். மறுபடி வந்தால் எத்தனை நிமிடம் என்று குறிக்கச் சொன்னாள்.

பத்து மாதமாக வரவில்லை. டாக்டர் சம்மதித்தபின், நேற்று மகன் லைட்டரை என் கையில் கொடுத்தான். ஒரே கிளிக்! நீலமாகப் பூத்தது பாருங்கள்!

அலமுவுக்குத்தான் ஏமாற்றம். "அப்போ அம்பாள் வரலையா மாமி?"

"வந்துதான் டாக்டர்ட்ட கூட்டிண்டு போனாள்னு வச்சுக்கோயேன்!"

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இப்படி வெறித்து நின்றால், பக்தி என்று விட்டுவிடாதீர்கள். இப்போதெல்லாம் என் பேச்சு நின்றால், நான் நிறுத்தினேனா, தானாக நின்றதா என்று விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

மீனு, எங்கே, முதல்லேர்ந்து வாசி. நடுவுல நான் வெறிச்சுப் பார்த்தேன்னா கும்பிடாதே, கடியாரத்தைப் பாரு.